காலில் கால்: ஃபார்திங் காசுத் தொகுப்பு ஒன்றின் மதிப்புரை

பழைய பிரித்தானியச் சில்லறைக் காசான ஃபார்திங்கை மட்டும் பொருளாகக் கொண்ட ஏழு காசுகளின் தொகுப்பு ஒன்றை அண்மையில் இணையவழியில் வாங்கினேன். அஞ்சற்செலவு உட்பட 6,800 ரூபாய் ஆயிற்று. நீலத் துணி ஒட்டிய அட்டைப்பெட்டி, காசு ஒன்றுக்கு ஒரு பிளாஸ்டிக் உறை, எட்டுப் பக்க விளக்கக் கையேடு, கையொப்பமிட்ட உறுதிச்சீட்டு ஆகியவை வந்து சேர்ந்தன. மூன்று வாரம் உருப்பெருக்கியும் தராசுமாக அவற்றோடு இருந்துவிட்டு இதை எழுதுகிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: காசுகளில் ஐந்து நன்று, ஒன்று பரவாயில்லை, ஒன்று கெடுக்கப்பட்டது, கையேடு மோசம், உறைகளை வந்த அன்றே மாற்ற வேண்டும். இத்தனை குறை இருந்தும் வாங்கியதற்காக நான் வருந்தவில்லை என்றால், அதற்குக் காரணம் பெட்டியின் கடைசி மூலையில் ஏதோ கொசுறு போல வைத்திருந்த மிகச் சிறிய காசு இரண்டும்தாம். விற்றவரின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. இதே போன்ற பெட்டிகளை வேறு பலரும் விற்கிறார்கள், குறைகளும் பெரும்பாலும் இவையே.

கையேட்டிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் வாங்குபவர் முதலில் திறப்பது அதைத்தான். அதன் முதல் பக்கத்திலேயே, ஃபார்திங் என்ற சொல் 'தொலைவு', 'பொருள்' என்னும் இரண்டு ஆங்கிலச் சொற்கள் சேர்ந்து பிறந்தது என்றும், தொலைதூர வணிகத்துக்காக அச்சடிக்கப்பட்ட காசு என்பதால் அப்பெயர் வந்தது என்றும் எழுதியிருக்கிறார்கள். ஒலியை வைத்து யாரோ கட்டிய கதை இது. பழைய ஆங்கிலத்தில் நான்காவது என்னும் சொல்லோடு விகுதி சேர்ந்து 'நான்கில் ஒரு பங்கு' என்ற பொருளில் வழங்கியதே பின்னாளில் ஃபார்திங் எனத் திரிந்தது. அதாவது, அது வெறும் 'கால்'. காலணா என்று சொல்லிப் பழகிய நமக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. ஒரு பென்னியில் கால் பங்கு ஃபார்திங். பன்னிரண்டு பென்னி ஒரு ஷில்லிங், இருபது ஷில்லிங் ஒரு பவுண்டு. ஆகவே ஷில்லிங்குக்கு 48 ஃபார்திங், பவுண்டுக்கு 960.

இந்த 960 என்ற எண்ணைக் கையேடு சொல்லிவிட்டுக் கடந்துவிடுகிறது. நம் வாசகருக்கு அதைச் சொல்ல வேண்டிய இடம் அங்கேதான் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இந்திய ரூபாயின் மாற்று மதிப்பை ஒரு ஷில்லிங் நாலு பென்ஸ் என நிலைநிறுத்தினார்கள். பதினைந்து ரூபாய்க்கு ஒரு பவுண்டு என்ற கணக்கு முதல் உலகப்போர்க் காலம் வரை நீடித்தது. ஒரு ஷில்லிங் நாலு பென்ஸ் என்றால் பதினாறு பென்னி, ரூபாய்க்குப் பதினாறு அணா. ஆக அக்காலத்தில் ஓர் அணா சரியாக ஒரு பென்னிக்குச் சமம், நம் காலணா சரியாக ஒரு ஃபார்திங்குக்குச் சமம். எங்கள் வீட்டுப் பழைய சுருக்குப்பையில் கிடந்த ஐந்தாம் ஜார்ஜ் காலத்து வெண்கலக் காலணா ஒன்றையும் பெட்டியில் வந்த ஃபார்திங்கையும் தராசில் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன். காலணா ஏறக்குறைய 4.8 கிராம், ஃபார்திங் 2.8 கிராம். மதிப்பு ஒன்றாயிருந்தும் லண்டன் காசைவிட நம் காசு கைக்குக் கனமாக இருந்திருக்கிறது.

வரலாற்றுக்குக் கையேடு ஒதுக்கியது ஒன்றரைப் பக்கம், அதில் பாதி மன்னர் பெயர்ப் பட்டியல். இந்தக் காசின் கதை பட்டியலில் அடங்குவது அன்று. அது வெட்டுவதில் தொடங்குகிறது. இடைக்கால இங்கிலாந்தில் நெடுங்காலம் வெள்ளிப் பென்னி ஒன்றே அன்றாடக் காசாகப் புழங்கியது. அதன் பின்புறத்தில் பொறித்திருந்த சிலுவையின் கோட்டை ஒட்டி இரண்டாக வெட்டினால் அரைப்பென்னி, நான்காக வெட்டினால் ஃபார்திங். பாக்குவெட்டியில் பாக்கைப் பிளப்பது போல அரசனின் காசைப் பிளந்து சில்லறை செய்துகொண்டார்கள். வட்டமான தனி ஃபார்திங்கைப் பெருமளவில் அச்சடிக்கச் செய்தவர் முதலாம் எட்வர்ட்; 1279இல் அவர் தொடங்கிய நாணயச் சீர்திருத்தத்தில் அது இடம்பெற்றது. அரை கிராம் எடைகூட இல்லாத வெள்ளித் துணுக்கு அது. விலைவாசி ஏற, காசிலுள்ள வெள்ளி குறைய, விரலிடுக்கில் நழுவினால் கண்டுபிடிக்க முடியாத அளவுக்குத் தேய்ந்து சிறுத்து, ஆறாம் எட்வர்டின் ஆட்சியோடு 1553இல் வெள்ளி ஃபார்திங் நின்றுபோயிற்று.

அதற்குப் பின் வந்த முதலாம் எலிசபெத்தின் நாணயச்சாலை செய்த ஏற்பாடுதான் இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்தது. ஃபார்திங்கை அச்சடித்தால் கையில் நிற்காது. அச்சடிக்காவிட்டால் கால் பென்னிக்குப் பொருள் வாங்க வழியில்லை. எனவே 1561 முதல் முக்கால் பென்னிக்கென ஒரு வெள்ளிக் காசு அடித்தார்கள். கடைக்காரரிடம் ஒரு பென்னியைக் கொடுத்து முக்காற்காசைத் திரும்ப வாங்கிக்கொண்டால், நாம் கொடுத்தது கால். இல்லாத காசைச் செலவழிக்கும் இந்தத் தந்திரத்தைக் கையேடு எழுதியவர் விட்டுவிட்டார் என்பதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

1613இல் முதலாம் ஜேம்ஸ் மன்னர் செப்பு ஃபார்திங் வெளியிடும் உரிமையை லார்ட் ஹாரிங்டன் என்னும் பிரபுவுக்கு அளித்தார். காசில் இருந்த செப்பின் மதிப்போ முகமதிப்பில் சிறு பங்கு. இடைவெளி முழுவதும் உரிமையாளருக்கும் அரசனுக்கும் இலாபம். மக்கள் அதை வேண்டாவெறுப்பாக வாங்கினார்கள், கள்ளக்காசு அடிப்போர் விருப்பத்தோடு அடித்தார்கள். உள்நாட்டுப் போரின் நடுவே 1644இல் நாடாளுமன்றம் அந்த உரிமைக்கு முற்றுப்புள்ளி வைத்தது. சில ஆண்டுகளில் சில்லறைப் பஞ்சம் முற்றி, 1648 தொட்டு 1672 வரை ஊர்தோறும் கடைக்காரர்களும் விடுதிக்காரர்களும் தங்கள் பெயரையும் தொழில் அடையாளத்தையும் பொறித்துத் தாங்களே ஃபார்திங் வில்லைகளை வெளியிட்டார்கள். 1672இல் இரண்டாம் சார்லஸ் நல்ல செப்பில், முழு எடையில் அரசு ஃபார்திங்கைக் கொண்டுவந்த பிறகே இவை மறைந்தன. ஒரு பக்கம் அரசன் தலை, மறுபக்கம் அமர்ந்த நிலையில் பிரித்தானியா என்னும் பெண்ணுருவம். அவ்வுருவத்துக்கு முன்மாதிரியாக இருந்தவர் ரிச்மண்ட் சீமாட்டி ஃபிரான்சஸ் ஸ்டூவர்ட் என்பது வழிவழியாக வரும் பேச்சு. அன்று உட்கார்ந்தவள் 1936 வரை ஃபார்திங்கை விட்டு எழுந்திருக்கவே இல்லை.

இடையில் 1684 முதல் 1692 வரை வெள்ளீயத்தில் ஃபார்திங் அடித்தார்கள். கார்ன்வால் சுரங்கங்களின் வெள்ளீயத்துக்குச் சந்தை வேண்டியிருந்தது. கள்ளக்காசைத் தடுக்க நடுவில் ஒரு செப்புக் குமிழைச் செருகினார்கள். வெள்ளீயம் அரித்துப்போனதால் அவற்றுள் நல்ல நிலையில் இன்று கிடைப்பவை மிகவும் அரிது. 1799இல் பர்மிங்காமுக்கு அருகில் சோஹோ என்னுமிடத்தில் மாத்யூ போல்ட்டன் நீராவி எந்திரத்தால் அடித்துக் கொடுத்த ஃபார்திங், வட்டம் பிசகாமல், எடை பிசகாமல் வந்த ஒன்று. 1860இல் செப்பு போய் வெண்கலம் வந்தது: 95 விழுக்காடு செப்பு, 4 வெள்ளீயம், 1 துத்தநாகம். அதுவரை 22 மில்லிமீட்டர் அகலம் இருந்த ஃபார்திங் 20 மில்லிமீட்டருக்குச் சுருங்கியது. இந்தத் தொகுப்பின் முழு அளவு ஃபார்திங்குகள் ஐந்தும் 1860க்குப் பிந்திய வெண்கலக் காசுகளே. பழங்காலத்து வெள்ளித் துணுக்கு கிடைக்கும் என்று எண்ணி யாரும் வாங்க வேண்டாம்.

வெண்கலக் காசுகளைச் சோதிக்க நல்ல வழி ஒன்று உண்டு. 160 ஃபார்திங் ஒரு ராத்தல் எடை நிற்க வேண்டும் என்று விதித்திருந்ததால், பத்துக் காசு ஓர் அவுன்ஸ். நகைத் தராசில் ஒரு காசு 2.8 கிராமை ஒட்டி நின்றால் கவலையில்லை. தேய்ந்த காசு சற்றுக் குறையலாம். என் தொகுப்பில் 1886ஆம் ஆண்டு விக்டோரியா காசு 2.71 காட்டியது. அரசியின் கொண்டை மழுங்கியிருந்தாலும் கன்னத்து வரி தெரிகிறது. பிரித்தானியாவின் பின்னால் கலங்கரைவிளக்கம், முன்னால் பாய்மரக் கப்பல், இரண்டும் உருப்பெருக்கியில் பிடிபடுகின்றன. பரவாயில்லை என்று நான் சொன்ன காசு இது.

கெடுக்கப்பட்டது அடுத்த காசு, 1901ஆம் ஆண்டுடையது. புத்தம்புது வெண்கல ஃபார்திங் பொன்னைப் போலவே மினுக்கும். அளவிலும் அது அரை சாவரின் தங்கக்காசுக்கு ஒரு மில்லிமீட்டருக்குள்ளாகவே பெரிது. மங்கிய விளக்கொளியில் 480 ஃபார்திங் மதிப்புள்ள பொன்னும் ஒற்றை ஃபார்திங்கும் கைமாறிவிடும் அபாயம் இருந்ததால், 1897 முதல் இருபது ஆண்டுகளுக்கு மேலாக நாணயச்சாலையே வேதிப்பொருள் கொண்டு ஃபார்திங்குகளைக் கருமையாக்கி வெளியே அனுப்பியது. ஆகவே அக்காலத்துக் காசுக்குக் கருமைதான் பிறவி நிறம். எனக்கு வந்த 1901ஆம் ஆண்டுக் காசோ, பொங்கலுக்கு முதல் நாள் புளி போட்டுத் தேய்த்த பித்தளைக் குடம் போலப் பளபளத்தது. விற்பவர் பார்வைக்கு அழகாக இருக்கட்டும் என்று தேய்த்திருக்கிறார்; தேய்த்ததில் அந்தக் காசைப் பற்றிச் சொல்லத்தக்க ஒரே செய்தியையும் சேர்த்து அழித்துவிட்டார். நாணயம் சேகரிப்போர் யாரிடம் கேட்டாலும் முதல் அறிவுரையாக 'தேய்க்காதே' என்றுதான் சொல்வார்கள். கையேட்டில் இதே காசுக்குக் கீழே 'நாணயச்சாலையின் அசல் கருநிறம்' என்று அச்சிட்டிருந்தது, பார்க்கச் சற்று வேடிக்கையாகவும் இருந்தது.

அடுத்த மூன்றும் ரென் பறவை பொறித்த காசுகள்: 1943, 1949, 1954. எட்டாம் எட்வர்டுக்காகத் திட்டமிட்ட புதிய நாணய வரிசையில் ஹெரால்ட் வில்சன் பார்க்கர் என்னும் சிற்பி வரைந்தது இந்தப் பறவை. அம்மன்னர் 1936 டிசம்பரில் முடிதுறந்துவிட, 1937இல் ஆறாம் ஜார்ஜின் தலையோடு வெளிவந்தது. பிரித்தானியாவின் மிகச் சிறிய பறவைகளுள் ஒன்றை மிகச் சிறிய காசில் வைத்தது பொருத்தமான முடிவு. வாலை நிமிர்த்திக்கொண்டு, இடப்பக்கம் பார்த்து, காசின் வெற்றிடத்தில் பாதியை அப்படியே விட்டு நிற்கிறது. மேலே ஆண்டு, கீழே காசின் பெயர், வேறு அலங்காரம் எதுவும் இல்லை. நான் பார்த்த சில்லறைக் காசுகளில் இவ்வளவு அடக்கமான வடிவமைப்பு அரிது. என் தொகுப்பில் 1949ஆம் ஆண்டுக் காசில் இறகின் கோடுகள்கூடத் தேயவில்லை.

கையேடு இந்தப் பறவையைச் சிட்டுக்குருவி என்கிறது. தவறு எங்கிருந்து வந்தது என்பதை ஊகிக்க முடிகிறது. பழைய ஆங்கில விவிலிய மொழிபெயர்ப்பில் இரண்டு சிட்டுக்குருவிகள் ஒரு ஃபார்திங்குக்கு விற்கப்படுவதாக வரும். நம் தமிழ் விவிலியத்தில் அது காசுக்கு இரண்டு அடைக்கலான் குருவி. உண்மையில் மூலத்தில் இருப்பது ரோமப் பேரரசுக் காலத்துச் சிறுகாசு. தங்கள் வாசகருக்குப் பழகிய மிகச் சிறிய காசின் பெயரை ஆங்கிலத்தார் அங்கே இட்டார்கள். அதே மொழிபெயர்ப்பில் ஏழை விதவை போட்ட காணிக்கைக்கும் ஃபார்திங் என்றே வரும். அங்கே மூலத்திலுள்ள காசு வேறு, அதன் பெயருக்கும் பொருள் கால்தான். தமிழில் மொழிபெயர்த்தவர்கள் கவனமாக ஓரிடத்தில் காசு, மற்றோரிடத்தில் துட்டு என்று பிரித்துக் காட்டியிருக்கிறார்கள். எப்படியிருந்தாலும் வில்சன் பார்க்கரின் பறவைக்கும் இந்தக் குருவிகளுக்கும் தொடர்பில்லை.

ஆனால் 1943, 1949 ஆகிய இரண்டையும் ஒரே பெட்டியில் வைத்தவரின் தேர்வை, அவர் தெரிந்து செய்திருந்தாலும் தற்செயலாகச் செய்திருந்தாலும், பாராட்ட வேண்டும். இரண்டையும் பூப்பக்கமாக வைத்தால் ஆண்டைத் தவிர வேறுபாடு தெரியாது. தலைப்பக்கமாகத் திருப்பி, மன்னர் முகத்தைச் சுற்றியோடும் இலத்தீன் எழுத்துகளைக் கடைசி வரை படியுங்கள். 1943இல் 'எஃப்', 'டி' என்ற இரண்டு எழுத்துகளும், அவற்றை அடுத்து 'ஐ என் டி', 'ஐ எம் பி' என்ற ஆறு எழுத்துகளும் இருக்கும். முன்னவை 'சமயக் காவலர்' என்பதன் சுருக்கம். பின்னவை 'இந்தியாவின் பேரரசர்' என்பதன் சுருக்கம். 1895இல் விக்டோரியாவின் வெண்கலக் காசுகளில் ஏறிய இந்தப் பட்டம், நான்கு பேரின் காசுகளைக் கடந்து 1948 வரை ஃபார்திங்கில் இருந்தது. 1947இல் நாடு விடுதலை பெற்றது. 1948 ஜூனில் மன்னர் அப்பட்டத்தை முறையாகத் துறந்தார். 1949ஆம் ஆண்டுக் காசில் இந்தியா இல்லை. அந்த ஆறு எழுத்து இருந்த இடம் வெறுமையாகவும் இல்லை. முன்பு இரண்டெழுத்தில் சுருக்கியிருந்த 'சமயக் காவல'ரை 'ஃபிடேய் டெஃப்' என்று எட்டெழுத்துக்கு நீட்டியிருக்கிறார்கள். முன்பு இரண்டும் ஆறும் எட்டு; இப்போதும் எட்டு. போன இந்தியாவின் இடத்தை இருக்கும் பட்டத்தைக் கொண்டே அடைத்துச் சமன்செய்த அந்த அச்சுக்காரரின் கணக்கை, காலணாக்கூடப் பெறாத காசில், விரல்நகத்தால் தடவிப் பார்க்கலாம். கையேட்டில் இதைப் பற்றி ஒரு சொல் இல்லை.

1954ஆம் ஆண்டு எலிசபெத் காசைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. சுத்தமான காசு, மேரி கில்லிக் வடித்த இளம் அரசியின் தலை, அதே ரென். 1956இல் கடைசியாக, 20 இலட்சத்துக்குச் சற்றே குறைவாக அடித்தார்கள். 1960 டிசம்பர் 31ஆம் நாளுக்குப் பின் ஃபார்திங் செல்லாக்காசாயிற்று. பவுண்டை நூறு பென்ஸாகப் பகுத்த 1971ஆம் ஆண்டு மாற்றத்தைக் காண அது உயிரோடு இல்லை.

இனி அந்தக் கடைசி மூலைக்கு வருகிறேன். அங்கே இருந்தவை 1844ஆம் ஆண்டு அரை ஃபார்திங் ஒன்றும் 1853ஆம் ஆண்டு கால் ஃபார்திங் ஒன்றும். கால் ஃபார்திங்கின் அகலம் 13.5 மில்லிமீட்டர், எடை 1.2 கிராம், சட்டையின் கழுத்துப் பொத்தானைவிடச் சற்றுப் பெரிது. ஒரு பக்கம் இளம் விக்டோரியா, மறுபக்கம் கிரீடத்தின் கீழ் ஆங்கிலத்தில் 'கால் ஃபார்திங்' என்ற பெயரும் ஆண்டும். உருப்பெருக்கி இல்லாமலே அரசியின் தலைக்கட்டைக் காண முடிகிறது. அவ்வளவு சிறிய வட்டத்தில் அவ்வளவு தெளிவாக வெட்டியவரின் கை லேசான கையன்று.

கையேடு இவ்விரண்டையும் 'விளையாட்டுக் காசுகள்' போன்ற புதுமைப் பொருள்களாக அறிமுகம் செய்கிறது. இவை இலங்கைக்காக அச்சடிக்கப்பட்டவை. 1825இல் பிரித்தானிய அரசு தன் பவுண்டு, ஷில்லிங், பென்னியை இலங்கையின் கணக்கு நாணயமாக்கி, அதுவரை புழங்கிய ரிக்ஸ் டாலருக்கு ஒரு ஷில்லிங் ஆறு பென்ஸ் என மாற்று விகிதம் விதித்தது. அந்நாட்டுச் சந்தையில் அதற்கு முன் இருந்த சிறுகாசுகளோ ஃபார்திங்கைவிடவும் குறைந்த மதிப்புள்ளவை. இங்கிலாந்தில் அடிமட்டக் காசாக இருந்தது, கீரைக்கட்டும் உப்பும் வாங்கும் இலங்கைக் கூடைக்காரியிடம் சில்லறை மாற்ற வேண்டிய பெரிய காசாகிவிட்டது. அதனால் 1828 ஆண்டிட்டு அரை ஃபார்திங் வந்தது. அதுவும் போதாமல் 1839இல் கால் ஃபார்திங் வந்தது, பிறகு 1851 முதல் 1853 வரை மீண்டும் அடித்தார்கள். மால்ட்டாத் தீவுக்கு இதே காரணத்தால் மூன்றில் ஒரு பங்கு ஃபார்திங் 1827இலேயே போய்விட்டது. அரை ஃபார்திங்கை 1842இல் இங்கிலாந்திலும் செல்லுபடியாக்கினார்கள். கால் ஃபார்திங் அந்தத் தகுதியைப் பெறவே இல்லை.

பவுண்டுக்கு 3,840 கால் ஃபார்திங் என்று கையேட்டிலுள்ள கணக்கு சரிதான், ஆனால் எந்த உருவத்தையும் மனத்தில் எழுப்பாத எண் அது. தமிழ்க் கணக்கில் சொன்னால் உடனே விளங்கும். பென்னி ஒன்று, ஃபார்திங் கால், அரை ஃபார்திங் அரைக்கால், கால் ஃபார்திங் வீசம். ஆங்கிலத்தார் பகுதியின் பகுதியாக அடுக்கிச் சொல்ல வேண்டியிருந்ததற்கு யாழ்ப்பாணத்துக் கடைக்காரரிடம் ஒற்றைச் சொல்லாக வீசம் என்றும் மாகாணி என்றும் பெயர் இருந்தது, திண்ணைப் பள்ளியில் வாய்பாடாகவே ஒப்பித்திருப்பார். ஆனாலும் அந்தக் காசில் தமிழும் இல்லை, சிங்களமும் இல்லை. இலங்கை ரூபாய்க்கும் சதத்துக்கும் மாறியபோது, 1870 ஆண்டிட்ட செப்புச் சதங்களில்தான் நடுவே ஒரு மரமும் அதன் அருகே அவ்விரு மொழி எழுத்துகளும் வந்தன. தொகுப்பை அமைப்பவர் அந்தச் சதம் ஒன்றையும் சேர்த்திருந்தால், எலிசபெத்தின் ரென் காசை நான் மகிழ்ச்சியோடு விட்டுக்கொடுத்திருப்பேன்.

இந்தக் காசுகளால் என்ன வாங்கினார்கள் என்பதைக் கையேடு தொடவே இல்லை. ஒரு காசுத் தொகுப்பின் விளக்கத்தில் இது பெருங்குறை. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஃபார்திங்கை அதிகம் பயன்படுத்தியவர்கள் துணிக்கடைக்காரர்கள். இரண்டு ஷில்லிங் என்று விலையிட்டால் வாங்குபவர் தயங்குவார் என்று ஒரு ஷில்லிங் பதினொன்றே முக்கால் பென்ஸ் என எழுதிவைப்பார்கள். நம் ஊர் 199 ரூபாய்ச் சேலையின் முன்னோடி அது. இரண்டு ஷில்லிங் கொடுத்தவருக்கு ஒரு ஃபார்திங் மீதி தர வேண்டும். கல்லாவில் ஃபார்திங் இல்லையென்றால் அதற்குப் பதில் ஓர் ஊசிப்பொதியை நீட்டிவிடுவது அக்கடைகளின் வழக்கம். சில்லறை இல்லை என்று மிட்டாய் வாங்கி வந்தவர்கள் இதைப் படித்துச் சிரிக்கலாம். கிழக்கு லண்டனின் போ பகுதியில் கிளாரா கிராண்ட் என்னும் ஆசிரியை 1907இல் நிறுவிய இல்லத்தில், ஒரு ஃபார்திங் கொடுத்தால் பழைய பொம்மை, துண்டுத்துணி, வண்ணத்தாள் போன்றவற்றைக் கட்டிய சிறு மூட்டை ஒன்று குழந்தைக்குக் கிடைக்கும். கூட்டம் பெருகியதால் வாசலில் தாழ்வான மரவளைவு ஒன்றை வைத்து, குனியாமல் அதன் கீழே நுழைய முடிந்த குழந்தைகளுக்கு மட்டும் மூட்டை என்று விதித்தார்கள். இலவசமாகவே கொடுத்திருக்கலாம், ஆனால் காசு கொடுத்து வாங்கிய பொருள் என்ற பெருமிதத்தோடு அந்தக் குழந்தைகள் வீடு திரும்பியிருப்பார்கள் அல்லவா?

உறைகளுக்கு வருகிறேன். எல்லாம் பிவிசி என்னும் நெகிழ்பிளாஸ்டிக்கால் ஆனவை. பெட்டியைத் திறந்தவுடன் புதுச் செருப்பின் வாடை அடிப்பதே அதற்கு அடையாளம். நாளடைவில் இவை கசிந்து, செப்பு கலந்த காசுகளில் பச்சைக் களிம்பை ஏற்றிவிடும், அதிலும் நம் கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் விரைவாகவே. காகித அட்டைச் சட்டத்தில் மைலார் என்னும் ஒளிபுகும் பாலியெஸ்டர் தாள் பதித்த உறைகள் மலிவாகக் கிடைக்கின்றன. வாங்கிய அன்றே மாற்றிவிடுங்கள். மாற்றும்போது காசின் முகத்தைத் தொடாமல் விளிம்பைப் பிடித்துத் தூக்குங்கள்.

விலையைப் பொறுத்தவரை, இதே தரத்துக் காசுகளைத் தனித்தனியே வாங்கினால் என்ன ஆகும் என்று வெவ்வேறு வணிகர்களிடம் விசாரித்தேன். கால் ஃபார்திங்குக்கு 2,600, அரை ஃபார்திங்குக்கு 900, விக்டோரியா காசு இரண்டுக்கும் சேர்த்து 750, ரென் காசு மூன்றுக்கும் 450. ஆக 4,700 ரூபாய். மீதி 2,100 ரூபாய் நீலப்பெட்டிக்கும் தப்பும் தவறுமான கையேட்டுக்கும் போகிறது. உறுதிச்சீட்டில் காசுகளின் எடைகூடக் குறிக்கப்படவில்லை, எனவே அதற்கு மதிப்பேதும் கிடையாது. அன்பளிப்பாகக் கொடுக்கப் பெட்டி வேண்டும் என்பவர் வாங்கலாம். காசுதான் வேண்டும் என்பவர், நம்பகமான வணிகரிடம் ஒரு கால் ஃபார்திங்கையும், 1948க்கு முன் ஒன்று பின் ஒன்று என இரண்டு ரென் காசுகளையும் வாங்கினால் போதும். 3,000 ரூபாய்க்குள் முடிந்துவிடும், இந்தப் பெட்டியில் பார்க்கத் தகுந்தவற்றில் பெரும்பாலானவை கைக்கு வந்துவிடும்.

தேய்த்துக் கெடுத்த 1901ஆம் ஆண்டுக் காசைப் பற்றி விற்றவருக்கு எழுதினேன். கையேட்டின் பிழைகளுக்குப் பதில் வரவில்லை. ஆனால் பத்து நாளில், செலவு எதுவும் கேட்காமல், 1900ஆம் ஆண்டிட்ட காசொன்றை மாற்றாக அனுப்பிவைத்தார். நாணயச்சாலை பூசிய கருமை விளிம்பு வரை அப்படியே இருந்தது. மேசைமேல் வைத்திருந்ததை எடுத்துப் பார்த்த அம்மா, இவ்வளவு அழுக்கேறிய காசையா காசு கொடுத்து வாங்கினாய், கொஞ்சம் புளி கரைத்துக் கொண்டுவரட்டுமா என்று கேட்டார்.